கிறிஸ்தவ உலகநோக்கை அன்றாட வாழ்விலும் தலைமைத்துவத்திலும் எப்படி வளர்ப்பது?

வேலையில் புதிதாக ஒரு பொறுப்புக்கு வந்திருப்பதாகவும், ஞாயிறு ஆராதனைக்கும் திங்கட்கிழமைக் கந்தோருக்கும் தொடர்பே இல்லாமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தில் வேலை. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

வேதத்தில் நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய யூத ஆளுநர் அவர். தலைமைத்துவக் கருத்தரங்குகளில் நெகேமியா என்றாலே திட்டமிடல், குழுவேலை, 52 நாளில் மதிலை முடித்த கதைதான். (மத்தியானச் சோறு நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.) 5ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், ராஜாவின் வரியைக் கட்டக் கடன்பட்டவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள் எல்லாரும் அங்கே முறையிடுகிறார்கள். நெகேமியா கடன் கொடுத்த பெரிய மனிதர்களைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதைச் சபை நடுவே சொல்லி, வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். 12 வருடம் ஆளுநருக்குரிய படியையும் வாங்கவில்லை. காரணம், தேவனுக்குப் பயந்தது. உலகநோக்கு என்று நீங்கள் கேட்பது எனக்கு இதுதான்: நமக்கு உரிமையுள்ளதைக்கூட யாருக்குப் பயந்து விடுகிறோம் என்பது.

படுவான்கரையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடன் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்டவேண்டும். கிழமைக்கு ஒருதரம் வாசலில் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்கிறது உபாகமம் 24. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே, அது அவனுடைய பிழைப்பு என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அறவிடப் போகும் எங்கள் பொடியன்களுக்கு இதை வசனமாகச் சொல்வதில்லை, வேலை விதியாகச் சொல்கிறேன்: கேற்றுக்கு வெளியே நில், அயலாருக்குக் கேட்கப் பேசாதே, வலையையும் தையல் மெஷினையும் தொடாதே. அவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அடுத்தது ஆள் எடுப்பது. இங்கே நாங்கள் சிறுபான்மை. 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்குள்ள சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, 'நம்ம ஆட்களை நாமதான் பார்க்கவேணும்' என்ற பேச்சு என் காதில் அதிகம் விழுந்தது. அந்த வலி நியாயமானது. ஆனால் நேர்முகத் தேர்வில் சபைக் கடிதத்துக்குப் புள்ளி போடக்கூடாது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. எல்லாச் சமயப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். எங்கள் சபைக்கு இந்த ஊரில் மரியாதை வந்தது அப்படித்தான்.

தினமும் வேதம் வாசிப்பது, ஜெபிப்பது பற்றி உங்கள் போதகரே சொல்வார், நான் நீட்டவில்லை.

சரி, மேலதிகாரி இதற்கெல்லாம் சம்மதிப்பாரா? தானியேல் 1ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத வாலிபன் அவன். தன்னைத் தீட்டுப்படுத்தும் ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று தானியேல் சத்தம் போடவில்லை. பத்து நாள் மரக்கறி கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வைக்காரனிடம் பணிவாகக் கேட்டான். தவணையைக் கிழமைக் கணக்கிலிருந்து அறுவடைக்கு மாற்ற நானும் அப்படித்தான் கேட்டேன்: ஒரே ஒரு கிராமம், ஒரு பெரும்போகம் மட்டும். அனுமதி கிடைத்தது. நீங்களும் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.