கடனை எடுத்து ஆசியாவில் போடலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சென்ற ஆண்டு சகலையின் பேச்சைக் கேட்டு 40,000 ரிங்கிட் தனிநபர் கடன் (5 ஆண்டு, 6 விழுக்காடு) எடுத்து, அவர் முகவராக உள்ள ஆசிய யூனிட் டிரஸ்டில் (பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் நிதி) போட்டேன். நுழைவுக் கட்டணம் 5 விழுக்காடு. ஆசியா முழுவதும் வளர்கிறது, இன்னும் 20,000 கடன் எடுங்கள் என்கிறார். வியட்நாமா, இந்தியாவா?
- வாசகர், பினாங்கு

பதில்: நாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த 6 விழுக்காட்டைப் பாருங்கள். மாதந்தோறும் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் கடைசிவரை முழு 40,000-க்கும் போடப்படுகிறது. 5 ஆண்டுக்கு 12,000 வட்டி; மாதம் சுமார் 867 ரிங்கிட். உண்மையான வட்டி ஏறக்குறைய 11 விழுக்காடு. நுழைவுக் கட்டணமாக 2,000 முதல் நாளே போய்விட்டது. நிர்வாகக் கட்டணம் ஆண்டுதோறும் தனி. இத்தனையையும் தாண்டினால்தான் உங்களுக்கு ஒரு காசு மிஞ்சும். கடன் எதுவும் இல்லாமல் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 2024-க்குக் கொடுத்தது 6.3 விழுக்காடு.

"ஆசியா வளர்கிறது" என்ற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. சீனப் பொருளாதாரம் 2007-க்குப் பிறகு பல மடங்கு பெருகியது. ஷாங்காய் பங்குக் குறியீடோ அந்த ஆண்டு அக்டோபரில் தொட்ட 6,000-ஐ மறுபடி எட்டவில்லை. ஜப்பானின் நிக்கேய் 1989 உச்சத்தைத் தாண்ட 2024 ஆனது. வியட்நாமில் வங்கிப் பங்குகளை வெளிநாட்டினர் வாங்குவதற்குப் பொதுவாக 30 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. நாணயம் சரிந்தால் பங்கு விலை அசையாமலே நஷ்டம் வரும்: 1997 ஜூலையில் தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்ட ஆறே மாதத்தில், டாலருக்கு எதிராக அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போனது.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆசிய நிதிகள் பலவற்றில் முதலிடங்களில் இருப்பவை தைவானின் டிஎஸ்எம்சி, கொரியாவின் சாம்சங் போன்ற சிப் நிறுவனங்கள். சிப் தொழில் படுத்தால் உங்கள் ஓவர்டைமும் போனஸும் குறையும் அதே மாதத்தில் முதலீடும் சரியும், கடன் தவணை மட்டும் குறையாது. நிதியின் அறிக்கையில் முதல் பத்துப் பங்குகளை இன்றே பாருங்கள்.

20,000 கடன் வேண்டவே வேண்டாம். சகலைக்கு ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் உண்டு. அவர் நல்லவராகவே இருந்தாலும் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். வீட்டில் மனக்கசப்பு வராமல் இருக்க, "இருக்கும் கடன் முடியும்வரை புதிதாக எதுவும் இல்லை" என்று உங்கள் மனைவியும் நீங்களும் சேர்ந்தே சொல்லிவிடுங்கள். கடனை இப்போதே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு யூனிட்டுகளை விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். கொஞ்சம் நஷ்டமானாலும் விற்றுவிடுங்கள்.

கடன் முடிந்ததும் அந்த 867-ஐ முதலில் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பாக்குங்கள், பிறகு இபிஎஃப்பில் சுயமாகச் செலுத்துங்கள். அதன் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாடுகளில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், சிப் பங்குகள் குறைவாக உள்ள ஓர் இந்திய நிதியில் மாதம் 100 ரிங்கிட் போடுங்கள்.