எடோபெய்யின் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் என் தம்பி ஜப்பானிலிருந்து வந்தபோது ஒரு படம் கொண்டுவந்தான். பழைய மர அச்சுப் படத்தின் நகல். கபுகி என்ற ஜப்பானியப் பழைய நாடக வகையில் நடித்த ஒருவரின் முகம், வரைந்தவர் ஷராகு என்ற ஓவியர். கண்கள் இரண்டும் மூக்கை நோக்கி இழுபட்டிருக்கின்றன. வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. மார்புக்கு முன்னால் விரல்களை விரித்தபடி இரண்டு கைகள், ஆனால் அந்த உடம்புக்குக் குழந்தைக் கைகள் போல இருக்கின்றன. கூடத்தில் மாட்டினேன். "இந்தப் பேய் மூஞ்சியைக் கழற்றி வை" என்கிறார் அம்மா. அந்தக் காலத்தில் இதெல்லாம் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிய படங்கள் என்று படித்தேன். தனக்குப் பிடித்த நடிகரை இப்படிப் பார்க்க யாருக்கு ஆசை வரும்? ஷராகு அவர்களைக் கிண்டல் செய்தாரா? கை சிறுத்திருப்பது வரையத் தெரியாததாலா?

ம.

அன்புள்ள ம.,

படத்தைக் கழற்ற வேண்டாம். அம்மாவிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.

உங்கள் கூடத்தில் இருப்பவர் மூன்றாம் ஓதானி ஓனிஜி என்ற நடிகர், எடோபெய் என்ற அடியாள் வேடத்தில். 1794-ஆம் ஆண்டின் ஐந்தாம் மாதம் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கவராசாகி அரங்கில் நடந்த நாடகம் அது. நீங்கள் கேட்ட கேள்வியை அந்த ஊர்க்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஓதா நன்போ என்ற எழுத்தாளர் ஷராகுவைப் பற்றி ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார். உண்மையை அளவுக்கு மீறி வரையப் போய், வரையக் கூடாததையும் வரைந்துவிட்டார், அதனால்தான் நிலைக்கவில்லை என்பது அதன் சாரம். நிலைக்கவில்லை என்பது உண்மைதான். சுமார் பத்து மாதங்கள், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள், அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஷராகு யார் என்பதைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. அவா பிரதேசத்துப் பிரபுவிடம் இருந்த சாய்தோ ஜூரோபெய் என்ற நோ நடிகர்தான் அவர் என்று 1844-இல் ஒருவர் எழுதிவைத்தார். எனக்கு அதை நம்பப் பிடித்திருக்கிறது. நோ என்பது முகமூடிகளின் நாடகம். அதில் ஊறிய ஒருவருக்கு, கபுகி மேடையில் முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

கிண்டலா என்று கேட்டீர்கள். இல்லை என்றே நான் நினைக்கிறேன். எடோபெய்யை விட்டுவிட்டு, அதே மாதம் அவர் வரைந்த இன்னொரு படத்தைப் பாருங்கள். மூன்றாம் செகாவா கிகுனோஜோ, ஓஷிசு என்ற மனைவி வேடத்தில். பெண்கள் கபுகி மேடை ஏறக் கூடாது என்று 1629-இல் அரசு தடை போட்டது. அதற்குப் பிறகு பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். கிகுனோஜோ அந்த வேடங்களில் பெரும் புகழ் பெற்றவர். படம் வந்தபோது அவருக்கு 43 வயது. மற்ற ஓவியர்கள் இப்படிப்பட்டவரை வரையும்போது அழகான பெண்ணை வரைந்துவிடுவார்கள். ஷராகுவின் படத்தில் தாடை கனத்திருக்கிறது, கண்கள் சிறியவை, கன்னச் சதை லேசாகத் தளர்ந்திருக்கிறது. இது ஒரு நடுவயது ஆணின் முகம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தலைச் சாய்வும் உதட்டை மூடியிருக்கும் விதமும் கவலையில் இருக்கும் ஒரு மனைவியுடையவை. இரண்டு பேரும் ஒரே முகத்தில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் மறைக்கவில்லை.

கபுகி பார்க்கிறவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். நடிகர் உச்சக்கட்டத்தில் கண்களை உருட்டி, அசையாமல் ஒரு நிலையில் நிற்பார். அதற்கு 'மியே' என்று பெயர். அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து குரல் எழும். கூப்பிடுவது பாத்திரத்தின் பெயரை அல்ல, நடிகரின் பரம்பரைப் பெயரை. தான்ஜூரோ என்ற நடிகர் என்றால் 'நரிதாயா', கிகுனோஜோ என்றால் 'ஹமமுராயா'. கதை உச்சத்தில் இருக்கும்போதே ஆடுவது இன்னார் என்று உரக்கச் சொல்கிறார்கள், கதையும் கலைவதில்லை. ஷராகு வரைந்தது இதைத்தான். தாடையை விட்டுவைத்தது அவமதிக்க அல்ல. அந்தத் தாடையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பெண்ணாக நிற்கிறாரே என்ற வியப்பு அது.

அவருக்கு முன்னால் தோரி பரம்பரை ஓவியர்கள் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தைப் போட்டார்கள். உடையில் இருக்கும் குலச்சின்னத்தைப் பார்த்துத்தான் யார் என்று தெரியும். 1760-களின் பிற்பகுதியில் கட்சுகாவா ஷுன்ஷோ போன்றவர்கள் ஆளுக்கு ஆள் முகச்சாயலைக் கொண்டுவந்தார்கள். ஷராகு அங்கிருந்து இன்னும் கிட்டே போனார்.

இதில் பதிப்பாளர் சுதாயா ஜூசபுரோவைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1791-இல், அரசு விரும்பாத நூல்களை வெளியிட்டதற்காக அவருடைய சொத்தில் பாதி போயிருந்தது. அப்படிப்பட்டவர், யாரும் கேள்விப்படாத ஒரு ஓவியரின் 28 பெரிய முகப்படங்களை, கருத்த பின்னணியில் காக்காய்ப்பொன் தூள் பூசி அச்சிட்டார். நகலில் அந்தப் பின்னணி வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். மூல அச்சு ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். நேரே நின்றால் மங்கல். தலையைச் சாய்த்தேன், முகத்தைச் சுற்றிலும் வெள்ளி மினுங்கியது. பிறகு நெற்றிக்கு மேலே முடியின் வேர்களைப் பார்த்தேன். ஓவியர் வரைந்த தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். மூல ஓவியம் அதோடு போய்விடும். ஒவ்வொரு மயிரும் செதுக்குபவரின் கத்தி மரத்தில் நிற்கவிட்ட மெல்லிய வரப்பு. அவர் பெயர் படத்தில் இல்லை.

அதே 1794-இல் இளைஞர் உதாகவா தோயோகுனியும் நடிகர்களை முழு உருவமாக வரையத் தொடங்கினார். மிடுக்கான உருவங்கள். ரசிகர்களுக்கு அவரைப் பிடித்தது, அடுத்த நூற்றாண்டில் நடிகர் படங்களில் அவருடைய சீடர்களே கோலோச்சினார்கள். உங்கள் அம்மாவுக்கும் தோயோகுனியைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதில் தவறு ஒன்றும் இல்லை.

சரி, அந்தக் கை. அளவு பொருந்தவில்லை என்பது உண்மை. கைகள் சட்டைக் கையிலிருந்து வராமல், அங்கியின் மார்புப் பிளவிலிருந்து வெளியே வருவதைக் கவனித்தீர்களா? நாடகத்தில் இப்பெய் என்ற வேலைக்காரன் எஜமானின் பணத்தோடு வருகிறான். அதைப் பறிக்கக் கூலிக்கு வந்தவன் எடோபெய். முகம் முன்னால் பாய்கிறது, கழுத்து நீள்கிறது, இவ்வளவு நேரம் உள்ளே மறைந்திருந்த கைகள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன. கைகளை உடம்புக்கு ஏற்றபடி வரைந்திருந்தால், நம் கண் முகத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். வரையத் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு முடியவில்லை.

இந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு. முதலாம் இச்சிகாவா ஓமெசோ, இப்பெய் வேடத்தில், வாளை உருவுகிறார். அதன் நகலும் கிடைத்தால் எடோபெய்யின் பக்கத்தில் மாட்டுங்கள். பணத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கைகளை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.