மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்: இதயமா, நுரையீரலா?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நர்சாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இரவில் டாக்டர் வந்து சேரப் பத்து நிமிடமாவது ஆகும். பெரியவர் யாராவது மூச்சுத்திணறலோடு வந்தால் அது இதயப் பிரச்சினையா, நுரையீரல் பிரச்சினையா என்று பிரிக்கத் தெரியாமல் தடுமாறுகிறேன். வீசிங் கேட்டால் ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்ளலாமா? டாக்டர் வருவதற்குள் எதை முதலில் செய்வது?

பதில்: வீசிங் கேட்டதுமே ஆஸ்துமா என்று முடிவு கட்டாதீர்கள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் மூச்சுக்குழாய்கள் சுருங்கி அதே விசில் சத்தம் வரும். வயதானவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வீசிங் வருகிறதென்றால் நான் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்பேன்.

ஆனால் நோயின் பெயர் தெரியாததால் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. முதல் ஐந்து நிமிடத்துக்குப் பெயர் தேவையே இல்லை. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடல் முழுக்க ஒரு பார்வை. இந்த வரிசையில் போங்கள். ஓர் இடத்தில் கோளாறு தெரிந்தால் அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும்.

நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, என்ன ஆச்சு என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் சொன்னால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கும் ரத்தம் போகிறது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நிலைமை தீவிரம்.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவசரப் பிரிவில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்த எண்தான். எண்ணாமலேயே எல்லாருக்கும் 18, 20 என்று எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் வயிற்றின் மேல் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால்தான் இந்த உத்தி. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 25ஐத் தாண்டினால் ஆபத்து. 36 ஆக இருந்தது திடீரென்று 14க்கு இறங்கி, ஆளும் சொக்கிப் போகிறார் என்றால் நிம்மதி அடையாதீர்கள். உடல் களைத்துப்போய்விட்டது, மூச்சு நிற்கப் போகிறது. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆக்சிஜனில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் யோசிக்காமல், பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுங்கள். பை உப்பியபடியே இருக்க வேண்டும். ஆள் நிலைப்பட்டதும் அளவைக் குறைத்து, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 94 முதல் 98 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். பல வருடம் புகைத்து, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவருக்கு 88 முதல் 92 தான் இலக்கு. அவருக்கு ஆக்சிஜன் மிதமிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கத்துக்குக் கொண்டுபோகும். அதற்காக 78 இல் நிற்கும் சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜனையே மறுப்பது பெரும் தவறு. மாரடைப்பில் செறிவு 90க்கு மேல் இருந்தால் ஆக்சிஜன் அவசியமில்லை. விரல் ஜில்லென்றிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ செறிவை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

பிபி, நாடி பார்த்து, கையில் ஊசி வழி போட்டுவிடுங்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும், நெஞ்சுவலி இல்லையென்றாலும். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களிடம் மாரடைப்பு பல நேரம் வெறும் மூச்சுத்திணறலாகவே வரும்.

இதற்குள் உங்களுக்கே ஒரு திசை தெரிய ஆரம்பிக்கும். படுத்தால் திணறல் கூடுகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, முதுகின் அடிப்பகுதியில் கரகரவென்று கேட்கிறது, இளஞ்சிவப்பு நுரை வருகிறது என்றால் இதயம். ஒரு பக்கம் மட்டும் மூச்சுச் சத்தமே இல்லாமல் பிபியும் சரிந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கலாம். இது நிமிடக் கணக்கு. நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை, ஆனால் செறிவு குறைவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்றால் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை நினையுங்கள். உதடு வீங்கித் தடிப்புகளும் இருந்தால் ஒவ்வாமை; தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், சரியாகாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி.

மருந்து எதுவானாலும் உங்கள் மருத்துவமனையில் எழுதி வைத்திருக்கும் ஆணைப்படியோ, டாக்டர் ஃபோனில் சொல்லியோதான் கொடுக்க வேண்டும். அவர் என்ன கேட்பார் என்று தெரிந்தால் தயாராக எடுத்து வைக்கலாம். கடும் ஆஸ்துமாவுக்கு ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசரில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளான சால்பியூட்டமால் 5 மில்லிகிராம், இப்ரட்ரோப்பியம் 0.5 மில்லிகிராம், கூடவே ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும், அதனால்தான் ஆரம்பத்திலேயே. வீசிங் நின்று நெஞ்சு அமைதியாகிவிட்டால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று பொருள்.

நுரையீரலில் நீர் கோத்து பிபி ஏறியிருந்தால் நாக்கடியில் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசி, வசதி இருந்தால் சிபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி). நைட்ரேட்டுக்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: மேல் பிபி 90க்குக் கீழே இருக்கிறதா, கடைசி இரண்டு நாளில் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டாரா. இரண்டில் ஒன்று இருந்தாலும் நைட்ரேட் கூடாது. மாத்திரையைப் பற்றிப் பலர் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். உறவினர்களை நகர்த்திவிட்டுத் தனியாகக் கேளுங்கள். மாரடைப்பு என்று இசிஜி காட்டினால், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்கச் சொல்லி.

எந்த நேரத்திலும் நினைவு தப்பி, இழுத்து இழுத்து எப்போதாவது ஒரு மூச்சு விட்டால் அதை மூச்சு என்று கணக்கில் எடுக்காதீர்கள். இதயம் நின்றுவிட்டது. உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே மார்பின் நடுவில் அழுத்த ஆரம்பியுங்கள்: 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரை இன்னொருவர் கொண்டுவரட்டும்.

அப்புறம் அந்த ஃபோன். "பேஷன்ட்டுக்கு மூச்சுத்திணறல், வாங்க சார்" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு எதுவும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அறுபது வயது, சர்க்கரை உண்டு. ஒரு மணி நேரமாக மூச்சுத்திணறல். மூச்சு 34, செறிவு 84, ஆக்சிஜனில் 93. பிபி 190க்கு 110. இரண்டு பக்கமும் கரகரப்பு. நுரையீரலில் நீர் கோத்திருக்கும்போல. இசிஜி அனுப்பியிருக்கிறேன். நைட்ரேட் கொடுக்கட்டுமா?" அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். கொடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடியும் மூச்சை எண்ணுங்கள்.