வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டலாமா? கேள்வி-பதில்

ஹட்டன் வாசகர்: தேயிலை பெக்டரி ரோலரின் வார்ப்பிரும்புக் கால் ஒன்று வெடித்துவிட்டது. சாதாரண வெல்டிங் ரொட்டால் ஒட்டினோம். ஆறும்போதே ‘டக்’கென்று சத்தம். ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் புதிதாகப் பிளந்திருக்கிறது. ரொட் சரியில்லையா அண்ணே?

ரொட்டும் சரியில்லை, அவசரமும் சரியில்லை. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 வீதம் வரை காபன் இருக்கிறது. சாதாரண ரொட் உருகும்போது அந்தக் காபன் கலந்து, ஒட்டின் ஓரம் கடினமாகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒட்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும். வார்ப்பு இழுப்புக்கு வளைந்துகொடுக்காது, பிளக்கும்.

பழைய ஒட்டை முழுதாக அரைத்து எடுங்கள். மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தடவினால் வெடிப்பு முடியும் இடம் வரை ஈரக்கோடு தெரியும். இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டால்தான் வெடிப்பு மேலே ஓடாது. அப்புறம் வீ வடிவில் அரைத்து, ஊறிய எண்ணெய் புகையாகிப் போகும்வரை சூடாக்குங்கள். தடித்த வார்ப்புக்கு 55 வீத நிக்கல் ரொட் நல்லது. ஒரு தடவைக்கு 25 மில்லிமீற்றர்தான். சூடு ஆறுமுன் உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கை வைக்கும் பதம் வந்த பிறகு வேறோர் இடத்தில் அடுத்தது. நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் குளிரில் கதவைத் திறந்துவைத்து இதைச் செய்யாதீர்கள். முடிந்ததும் மெதுவாக ஆறும்படி உலர்ந்த சாம்பலால் மூடுங்கள் (பெக்டரியில் சாம்பலுக்கா பஞ்சம்?). கொழுந்து குவிகிறது, சீக்கிரம் முடி என்று பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் பக்கத்தில் நின்றால், அன்றைக்கு வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

தலவாக்கலை வாசகர்: வார்ப்பா, உருக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துளை போட்டுப் பாருங்கள். உருக்கு சுருளாக வரும், வார்ப்பு தூளாகக் கொட்டும். கிரைண்டரில் வார்ப்பின் பொறி மங்கலான சிவப்பு, சீக்கிரம் அணைந்துவிடும்.

பண்டாரவளை வாசகி: அம்மாவின் தையல் மெசின் மிதி இரண்டாக உடைந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லை.

போட வேண்டாம். காஸில் பித்தளை ரொட்டும் போரக்ஸும் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மிதி உருகத் தேவையில்லை, மங்கிய சிவப்பு ஏறினாலே பித்தளை பிடிக்கும். முறிந்த முகத்தைக் கிரைண்டரால் தேய்த்தால் உள்ளிருக்கும் கிராபைட் பூசிக்கொள்ளும். அரத்தால் அராவுவதே நல்லது. பித்தளைப் புகையில் இருக்கும் நாகத்தால் (துத்தநாகம்) இரவில் காய்ச்சல் வரலாம், ஆகவே இந்த வேலைக்கு மட்டும் ஒட்டுகிற பாஸ் கதவைத் திறந்து வைக்கட்டும். மஞ்சள் கோடு தெரியும், பெயிண்ட் அடித்தால் சரி.

பொகவந்தலாவை வாசகர்: டிரையர் அடுப்பின் வார்ப்புக் கம்பிகள் வளைந்து வெடித்துவிட்டன. ஒட்டலாமா?

வேண்டாம். வருடக்கணக்கில் நெருப்பில் கிடந்த வார்ப்பு உள்ளேயே துருவேறி ஊதியிருக்கும், அதில் எந்த ரொட்டும் பிடிக்காது. வார்ப்புப் பட்டறையில் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஆனால், வளையாத பழைய கம்பி ஒன்றை அப்படியே அச்சாகக் கொடுத்தால் புதியது குட்டையாக வரும். வார்ப்பு ஆறும்போது மீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் சுருங்கும். அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.