தோள்வலியும் நடுவுடல் தசைகளும்: கைப்பந்து வீரர்களின் கேள்விகள்

கேள்வி: தோள் வலிக்கிறது என்று போனால், வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி தருகிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

ஸ்மாஷின் விசை தோளில் பிறப்பதில்லை. தரையை உந்தும் கால்களில் தொடங்கி, இடுப்பு, நடுவுடல் (வயிறும் முதுகும்) வழியாக ஏறி, தோளையும் முழங்கையையும் கடந்து பந்தைச் சேர்கிறது. டென்னிஸ் சர்வீஸை ஆராய்ந்தவர்கள், இடுப்பும் நடுவுடலும் கைக்கு அனுப்பும் இயக்க ஆற்றல் 20 சதவீதம் குறைந்தால், அதே விசையை எட்டத் தோள் 34 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கைப்பந்தில் நிலைமை இன்னும் கடினம். அடிக்கும் நொடியில் கால்கள் அந்தரத்தில் இருப்பதால், வில்லாக வளைந்த உடலை முன்னோக்கி முறுக்கிக் கொண்டுவரும் பொறுப்பு நடுவுடல் தசைகளின் மேல்தான் விழுகிறது. அவை தளர்ந்தால் குறையைத் தோள் ஈடுகட்டுகிறது. பந்தை அடித்த பிறகு கையின் வேகத்தைத் தடுத்து நிறுத்தும் தோளின் பின்புறச் சிறுதசைகளும் ஒவ்வோர் அடியிலும் கூடுதல் சுமையைத் தாங்குகின்றன. கையை உயர்த்துமுன்பே வயிற்றின் ஆழ்தசை இறுகிவிடுகிறது என்பது, உடலே வகுத்துக்கொண்ட வரிசையைக் காட்டுகிறது.

ஆயினும், நடுவுடல் பலவீனமே தோள் காயத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வலியால் ஆட்டம் குறைந்து, அதன் விளைவாக அத்தசைகள் தளர்ந்திருக்கவும் கூடும்.

கேள்வி: முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலையில் இரண்டு நிமிடம் நிற்க முடிகிறது. இது போதாதா?

போதாது. பிளாங்க் அசையாமல் தாங்கும் திறனைக் காட்டுகிறது. ஆட்டமோ வளைந்து, முறுக்கி, உடனே நிலைகொள்ளும் திறனைக் கேட்கிறது. பக்கவாட்டு பிளாங்கில் வலமும் இடமும் எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எடைப் பந்தை முறுக்கி எறிதல், ஒற்றைக் காலில் நின்றபடி ரப்பர் பட்டையை இழுத்தல் ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்க்கலாம்.

கேள்வி: எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே கைகளால் தடுக்கும்போது (பிளாக்) அடிக்கடி விரல் பிசகுகிறது. இதற்கும் நடுவுடல்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. விரல்களை விறைப்பாக வைக்காததும், கை தாமதமாக எழுவதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கேள்வி: வலி இல்லை; ஆனால் அடிக்கும் கைப்பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல் சதை குழிந்திருக்கிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கையை வெளிப்புறம் திருப்பும் தசைக்குச் செல்லும் நரம்பு, எலும்பின் பள்ளத்தில் வளைந்து செல்லும் இடத்தில் நசுங்கினாலோ இழுபட்டாலோ இவ்வாறு தசை மெலியும். கைப்பந்து வீரர்களிடம் நன்கு அறியப்பட்ட சிக்கல் இது. வலியின்றியே முற்றிவிடுவதும் உண்டு. நடுவுடல் பயிற்சி இதற்கு மருந்தல்ல. எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்த்து, நரம்புக் கடத்தல் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். நீர்க்கட்டி ஏதேனும் நரம்பை அழுத்தினால் அதற்கான சிகிச்சையே வேறு.