பிடுங்கிய பல் எந்தப் பைக்குப் போகும்?

கேள்வி: சிறிய ஊரில் ஒரே ஒரு சேர் வைத்துப் பல் கிளினிக் நடத்துகிறேன். மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி திங்களும் வியாழனும் வருகிறது. பிடுங்கிய பல், பஞ்சு, கையுறை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். இது சரிதானா?

பதில்: பாதி சரி, டாக்டர். பல், வேர்த்துண்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, முகக்கவசம் எல்லாம் மஞ்சள் பைக்கு உரியவைதான். ஆனால் பிடுங்கிய பல்லில் வெள்ளி அடைப்பு இருந்தால் அதில் போடவே கூடாது.

அமால்கம் எனப்படும் அந்த வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். மஞ்சள் பை கடைசியில் எரியுலைக்குப் போகிறது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். உலையின் சூடு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட பல்லை ஆட்டோகிளேவிலும் (நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் கருவி) வைக்காதீர்கள். ப்ளீச் கரைசலிலும் ஊறப் போடாதீர்கள், அது பாதரசத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். இறுக மூடும் டப்பா ஒன்றில் ‘பாதரசக் கழிவு’ என்று எழுதி ஒட்டி, அந்தப் பல், தோண்டியெடுத்த பழைய அடைப்பு, கலந்து மிஞ்சிய அமால்கம், அது வந்த காலி கேப்சூல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அபாயகரக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். சக்‌ஷன் வடிகட்டியில் தங்கும் அமால்கத் துணுக்குகளும் இந்த டப்பாவுக்குத்தான். வடிகட்டியை வாஷ்பேசினில் தட்டிக் கழுவும் பழக்கம் பல கிளினிக்குகளில் இருக்கிறது. முதலில் அதை நிறுத்துங்கள்.

(பால் பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும் என்று பாட்டிமார் கேட்டால் சுத்தம் செய்து கொடுத்துவிடலாம். நான் கொடுத்திருக்கிறேன்.)

அடுத்தது கூரானவை. ஊசியில் காட்டும் கவனத்தை நாம் ரூட் கெனால் ஃபைலிடம் (பல்லின் வேர்க்குழாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி) காட்டுவதில்லை. உடைந்த ஃபைல், தேய்ந்த பர் (பல்லைக் குடையும் முனை), பிளேடு, கிளிப் கம்பியின் வெட்டுத் துண்டு எல்லாம் பஞ்சோடு சுருண்டு பைக்குள் போய், கட்டுகிறவர் கையைக் குத்தும். துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியைச் சேரிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வையுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிடுங்கள். மரப்பு ஊசியை ஒரே நோயாளிக்கு இரண்டு, மூன்று முறை போட வேண்டி வரும், நடுவே மூடாமல் முடியாது. அப்போது மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியைச் செருகி எடுங்கள். ஊசி நறுக்கிய சிரிஞ்ச், கையுறை, சக்‌ஷன் குழாய் சிவப்புப் பைக்கு. மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கு.

வண்டி வரும் நாள்தான் உங்கள் சிக்கல். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி பல், ரத்தப் பஞ்சு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திங்கள் மாலைப் பை வியாழன் வரை கிடந்தால் கணக்கு தாண்டிவிடுகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் வரச் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால், காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிவிட்டு, பாதுகாப்பாகப் பூட்டி வையுங்கள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் வாரியத்தின் அனுமதி வேண்டும், ஒருமுறை வாங்கினால் போதும். ஆண்டறிக்கை மட்டும் வருடந்தோறும் ஜூன் 30-க்குள்.

அப்புறம், உங்கள் உதவியாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டாயிற்றா? விதிகளின்படி அதுவும் உங்கள் பொறுப்புதான். இரவில் பைகளைக் கட்டுகிறவர் அவர்தானே.