இஞ்சின் மாறிய பழைய டெலிவரி வேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1951ஆம் ஆண்டு செவ்ரோலெட் அரை டன் பேனல் வேன் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஒரு சலவை நிறுவனத்தின் துணி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த வண்டி என்று விற்றவர் சொன்னார். பழைய ஆறு சிலிண்டர் இஞ்சினும் மூன்று கியர் பெட்டியும் இப்போது அதில் இல்லை. அவற்றின் இடத்தில் அதே நிறுவனத்தின் 350 கன அங்குல வி8 இஞ்சினும் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இருக்கின்றன. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பது தெரியவில்லை. பழைய இஞ்சினைத் தேடிப் பிடித்து வண்டியைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா, அல்லது இருப்பதை வைத்துக்கொண்டே புதுப்பிக்கலாமா?

பதில்: வண்டியை எதற்காக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கண்காட்சியில் நிறுத்திக் காட்டவும், எப்போதாவது மெதுவாக ஓட்டிப் பார்க்கவும்தான் என்றால், அந்தக் காலத்து 216 கன அங்குல இஞ்சினைத் தேடுவதில் பொருள் உண்டு. அது பொறுமையான இஞ்சின். ஆனால் அதன் பேரிங்குகள் உருக்கி ஊற்றிய பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையால் ஆனவை. கனெக்டிங் ராடுகளின் அடியில் உள்ள சிறு கரண்டிகள் எண்ணெயை அள்ளிக்கொள்வதால்தான் அந்த பேரிங்குகளுக்கு மசகு கிடைக்கிறது. நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டுவதற்காக அது செய்யப்படவில்லை. பாபிட் ஊற்றி, துளைத்து, அளவு சேர்க்கத் தெரிந்த கைகளும் இன்று குறைந்துவிட்டன. மாதத்தில் பல நாட்கள் மற்ற வண்டிகளோடு சேர்ந்து சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், இப்போது உள்ள வி8 இஞ்சினையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

மாற்று இஞ்சின் போட்ட வண்டி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்லன். டெலிவரி வேன் உழைப்பதற்காகப் பிறந்த வண்டி. இஞ்சின் தேய்ந்தால் வேறொன்றைப் போட்டு மறுநாளே வேலைக்கு அனுப்புவது அதன் வாழ்க்கையில் இயல்பாக நடந்திருக்கக்கூடியதுதான். மாற்றிய கை எவ்வளவு அக்கறையாக மாற்றியது என்பதையே நாம் கேட்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் இஞ்சின் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும். ஒரு காலத்துப் பாகமும் இன்னொரு காலத்துப் பாகமும் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். ஆகவே பெயின்ட்டையும் டிங்கரிங்கையும் இப்போதைக்கு மறந்துவிட்டு, அந்த இணைப்பு இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

இஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸோடு சேரும் விளிம்பின் மேல் இடப்புறத்தில் வார்ப்பு எண் புடைத்துத் தெரியும். முன்பக்கத்தில், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சிறு தளத்தில் குத்தப்பட்ட எழுத்துகளும் எண்களும் இருக்கும். இரண்டையும் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் வாங்கும்போது 1986க்கு முந்திய பிளாக்கா, பிந்தியதா என்பது முக்கியமாகிவிடும். அந்த ஆண்டில் பின்பக்க ஆயில் சீல் இரு துண்டு அமைப்பிலிருந்து ஒரே துண்டாக மாறியது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையும் மாறியது. பதிவுச் சான்றில் உள்ள இஞ்சின் எண்ணோடும் இவற்றை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், மேற்கொண்டு பணம் செலவழிக்கும் முன் அதைச் சட்டப்படி திருத்திக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம்.

கேள்வி: அதே வண்டி தொடர்பாக இன்னொன்று. 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தரையிலிருந்து ஓர் அதிர்வு எழுகிறது. 85ஐத் தாண்டினால் குறைகிறது. டயர்களை இரண்டு முறை பாலன்ஸ் செய்தும் பயனில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இஞ்சின் மாறிய வேன்களில் மிகுதியாகக் காணும் குறை இதுதான். பலர் காரணம் தெரியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் அதிர்வு எதைச் சார்ந்தது என்று பிரித்தறியுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து இஞ்சின் சுற்றை ஏற்றிப் பாருங்கள். நின்ற நிலையிலும் ஏதோ ஒரு சுற்றில் அதிர்ந்தால் குறை இஞ்சினிலோ, அதன் பின்னால் சுழலும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தட்டிலோ, இஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலோ இருக்கிறது. 400 கன அங்குல இஞ்சினுக்கான ஃபிளெக்ஸ் பிளேட்டில் சமநிலைக்காகக் கூடுதல் எடை பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டு 1986க்கு முந்திய 350 இஞ்சினிலும் போல்ட் துளை மாறாமல் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று யாராவது மாட்டியிருந்தால் இஞ்சின் ஒருபோதும் அமைதியாக ஓடாது. நின்ற நிலையில் அதிர்வு இல்லாமல், எந்த கியரில் ஓடினாலும் சாலை வேகம் 70ஐத் தொடும்போதுதான் வருகிறது என்றால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடுங்கள். உங்கள் விவரிப்பைப் படிக்கும்போது எனக்கு இந்த இரண்டாவதுதான் தோன்றுகிறது.

உங்கள் வேன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. அதை டார்க் டியூப் என்பார்கள். பின் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும், சக்கரங்களின் உந்துவிசையை முன்னோக்கிக் கடத்துவதும் அந்தக் குழாயின் வேலை. செவ்ரோலெட்டின் அரை டன் வண்டிகளில் 1954 வரை இந்த அமைப்பு இருந்தது. 700ஆர்4 கியர்பாக்ஸோ திறந்த ஷாஃப்ட்டுக்காகச் செய்யப்பட்டது. ஆகவே உங்கள் வண்டியில் டார்க் டியூப் கழற்றப்பட்டு, பின் அச்சும் பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும். குழாய் செய்த வேலை முழுவதும் இப்போது லீஃப் ஸ்பிரிங்குகளின் தலையில் விழுந்திருக்கிறது. புது அச்சைப் பற்றவைத்தவர் எந்தக் கோணத்தில் பற்றவைத்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடையாக இருக்கலாம்.

திறந்த ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள வளையும் மூட்டுதான் யுனிவர்சல் ஜாயின்ட். அது ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சற்று விரைந்து இரண்டு முறை சற்றுத் தாமதிக்கும். முன் ஜாயின்ட்டின் கோணமும் பின் ஜாயின்ட்டின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டிவிடும். அதற்கு கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டும் பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டான பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்புறம் 3 டிகிரி தாழ்ந்திருந்தால் பினியனின் மூக்கு 3 டிகிரி நிமிர்ந்திருக்க வேண்டும். வேறுபாடு 1 டிகிரிக்கு மேல் போனால் உடம்பில் தெரியும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை கோணம் இருப்பது நல்லது. முழுக்க நேர்கோட்டில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

வண்டி தன் சக்கரங்களில் நின்றிருக்கும்போதே, சாய்வுமானியை கியர்பாக்ஸின் பின்முகத்திலும், ஷாஃப்ட்டின் மேலும், பினியன் முகத்திலும் வைத்து மூன்று அளவுகளைக் குறியுங்கள். அச்சு தொங்கும்படி சேசிஸைத் தூக்கி எடுத்த அளவு பயன்படாது. இது சரக்கு வண்டி என்பதால், வழக்கமாக ஏற்றும் எடையை உள்ளே வைத்து மறுமுறையும் அளந்து பார்ப்பது நலம். பெட்டியில் சுமை ஏறியதும் இந்தக் கோணங்கள் மாறிவிடும். சிறு திருத்தத்துக்கு, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் எஃகு ஆப்புத் தகடு வைத்தால் போதும். இழுவையின்போது பினியன் மூக்கு மேலெழும் என்பதால், நின்ற நிலையில் அதை 1 டிகிரி அளவுக்குத் தாழ்த்தியே வைக்கலாம். ஷாஃப்ட்டின் சறுக்கு முனை கியர்பாக்ஸுக்குள் கடைசிவரை போய் முட்டாமல் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடம் மீதி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கோணத்தின் குறையா, ஷாஃப்ட்டின் எடை சமநிலைக் குறையா என்பதை அதிர்வின் தன்மையிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியதோ அதுவே பின் அச்சின் விகிதம். மூன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.73 என்று கொள்ளலாம். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு ஏறக்குறைய 33 முறை சுழல்கிறது. சமநிலைக் குறை நொடிக்கு 33 துடிப்பாக இருக்கையை உலுக்கும். கோணக் குறை அதன் இருமடங்கு வேகத்தில், உலுக்கலைவிட ஓர் உறுமலாகத் தரைத்தகட்டில் கேட்கும்.

இந்த கியர்பாக்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும். உள்ளே எண்ணெய் அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அதுதான் தெரிவிக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபோது அந்த கேபிள் முழுவதும் இழுபட்டிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். வேறொரு கார்புரேட்டரில் அதைக் கட்டுக்கம்பியால் கட்டி விட்டிருந்தால், சரியான பிராக்கெட் போடும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். பழைய ரேடியேட்டரில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் வசதி கிடையாது என்பதால் தனி ஆயில் கூலர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வி8 இஞ்சின் போட்ட என் வேனில் பிரேக் பழைய டிரம் அமைப்பிலேயே இருக்கிறது. வெயில் நாளில் நெரிசலில் ஓட்டினால் பெடல் பஞ்சுபோல அமுங்குகிறது. என்ன செய்வது?

பதில்: சரியாகும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இந்தக் காலத்து வேன்களில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், சேசிஸை ஒட்டி இருக்கும். வி8 இஞ்சினின் இடப்பக்க சைலன்சர் குழாய் அதன் அருகே போகும்படி அமைத்திருந்தால், சூட்டில் பிரேக் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் அமுங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குழாயை விலக்குங்கள் அல்லது நடுவே வெப்பத்தடுப்புத் தகடு வையுங்கள். பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஊற்றுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய திரவம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

அதைவிடப் பெரிய குறை, ஒரே மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றாக அழுத்தம் அனுப்புவது. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். முன்சுற்றும் பின்சுற்றும் தனித்தனியான மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்கக் கார்களில் 1967 முதல் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உங்கள் வண்டிக்கும் அதை மாற்றுங்கள். தோற்றம் சிறிதும் கெடாது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தால், மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் திரவம் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்க 2 பவுண்டு அழுத்த வால்வு ஒன்று வேண்டும். டிரம் பக்கத்துக்கு 10 பவுண்டு வால்வு வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக மாற்றிய பிறகு, ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது. ஏன்?

பதில்: எர்த் பட்டை இல்லை. என் பட்டறையில் ஒரு வேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதே குறை என் விரலைச் சுட்டது. இஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் எர்த் ஒயர் சேசிஸில் முடிகிறது. இரண்டுக்கும் இடையில் தடித்த பட்டை இல்லாவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பும். அந்த வழி உங்கள் கேபிளின் உலோக உறை. இஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒன்று என இரண்டு பட்டைகளைப் பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்குங்கள். சூடேறிய கேபிளையும் மாற்றிவிடுங்கள். உள்ளே உருகி ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கேள்வி: வேனின் பக்கத் தகட்டில், மேல் பெயின்ட்டுக்கு அடியில் ஏதோ எழுத்துகளின் மேடு தெரிகிறது. முழுவதும் சுரண்டிவிட்டுப் புது நிறம் அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து சுரண்டாதீர்கள். அது அந்த வண்டியை வைத்துப் பிழைத்தவரின் பெயராகவும், பெயர் எழுதும் ஓவியர் தூரிகையால் எழுதியதாகவும் இருக்கலாம். இஞ்சின் போனால் வேறு இஞ்சின் கிடைக்கும். இந்த எழுத்துக்கு இன்னொரு பிரதி எங்கும் கிடையாது. முதலில் மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுகள் அப்போது நிழல் விட்டுத் தெரியும். பிறகு ஒரு மூலையில் மட்டும், 1000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சிறு கட்டையில் சுற்றி, வட்டமாகத் தேயுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பவே கூடாது. மேல்நிறம் மெலிந்து அடியில் வேறு நிறம் கசிந்ததும் நிறுத்தி, துடைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து வெளிவர அரை நாள்கூட ஆகலாம். எழுத்துகள் முழுமையாக வந்தால் அப்படியே மெழுகு பூசிக் காப்பாற்றுங்கள். பாதி அழிந்திருந்தால், மெல்லிய தாளை மேலே ஒட்டி வடிவத்தைப் பென்சிலால் எடுத்துவைத்துக்கொண்ட பிறகே புது நிறத்துக்குப் போங்கள். பின்னர் அதே அளவில், அதே இடத்தில் மீண்டும் எழுதச் சொல்லலாம்.